பிரியும் இருவருக்கு நடுவே ஒரு வீடு: ராமநாதபுரம் கடலோரத்தில் மதிப்பீடு எப்படி நடக்க வேண்டும்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் கடலோர ஊர்களில் ஒரு திருமணம் முறிந்து பெரியவர்கள் பேச உட்காரும்போது, நகைக் கணக்கு கிராம் சுத்தமாகப் பேசப்படுகிறது. எத்தனை பவுன் போட்டார்கள், எது அடகில் இருக்கிறது, எதை விற்றார்கள் என்று ரசீதோடு வந்து நிற்கிறார்கள். வீடு என்று வந்ததும் அந்தக் கறார் காணாமல் போய்விடுகிறது. ‘இந்தப் பக்கமெல்லாம் சென்ட் இவ்வளவுதான் போகும்’ என்று ஒருவர் ஒரு தொகையைச் சொல்கிறார். கிரயப் பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகையை இன்னொருவர் எடுத்துக்காட்டுகிறார். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் முடிவாகி, அதில் பாதியோ கால்வாசியோ கொடுத்து முடித்துவிடலாம் என்கிறார்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த வீட்டில்தான் கிடக்கிறது. அதை அளக்காமல் பிரிப்பது அநியாயம். கணவர் தரப்பாக இருந்தாலும் மனைவி தரப்பாக இருந்தாலும், தொகை பேசத் தொடங்கும் முன்பே வீட்டுக்கு முறையான மதிப்பீடு வாங்கிவிட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

ஆனால் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவதற்கு முன்னால், சட்டம் அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தும் என்று தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் உறவினர்கள் சொல்லும் யோசனை இங்கே பல நேரங்களில் பொருந்தாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் உட்பட ஒன்பது மாநிலங்களில், திருமண வாழ்வின்போது சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்பதே அடிப்படை விதி. மற்ற மாநிலங்களிலும் நீதிமன்றம் சொத்தை நியாயமாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே அங்கே விவாகரத்து என்றாலே வீட்டு மதிப்பீடு வழக்கின் ஒரு கட்டமாக வந்துவிடும். இந்தியாவில் கோவா போன்ற, போர்த்துகீசியர் ஆண்ட பகுதிகளில் மட்டுமே, அவர்கள் விட்டுச்சென்ற உரிமையியல் சட்டத்தின் வழியாக, தம்பதியின் பொதுச்சொத்து என்ற முறை இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. விவாகரத்து ஆனதாலேயே மற்றவருக்குப் பாதி வந்துவிடாது. கணவரின் வீட்டில் மனைவிக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2010இல் கொண்டுவரப்பட்டு, 2013இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 2014இல் மக்களவையின் காலம் முடிந்ததும் அது காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கிறது. பல பெண்களின் முதுமை அந்த வெற்றிடத்தில்தான் விழுகிறது.

பாதி கிடையாது என்றால் மதிப்பீடு எதற்கு? இங்கேதான் பலரும் தவறாக நினைத்துக் கை விட்டுவிடுகிறார்கள். இந்து திருமணச் சட்டம் 1955இன் 25ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது, இருவரின் வருமானத்தோடு ‘மற்ற சொத்துக்களையும்’ நீதிமன்றம் பார்க்கிறது. தேவைப்பட்டால் அந்த ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கணவரின் அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்தவும், அதாவது அந்தச் சொத்தையே பிணையாக்கவும் செய்கிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உத்தரவிட்டது. அந்தப் பத்திரத்தில் வீட்டின் மதிப்பை எழுதும் இடத்தில் கணவர் எழுதுவதே கடைசி வார்த்தை ஆகிவிடக் கூடாது. எதிர்த்துக் காட்ட உங்கள் கையில் ஓர் அறிக்கை இருக்க வேண்டும். திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட சொத்தைப் பற்றி முடிவு செய்ய அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கிறது. தம்பதியின் சொத்துத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரத்தைக் குடும்ப நீதிமன்றங்களுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கொடுக்கிறது.

பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தால் நிலைமை இன்னும் நேரடியானது. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்னும்போது 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் உதவிக்கு வருகிறது. பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கும்படி கேட்கலாம். அப்படி ஒருவர் கேட்டால், அவருடைய பங்கை நானே மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று மற்றவர் கேட்க 3ஆம் பிரிவு இடம் தருகிறது. நீதிமன்றம் மதிப்பீட்டுக்கு உத்தரவிட்டு, அந்த விலைக்கு விற்கச் சொல்லும். பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்க விரும்பும் தாய்க்கு இது மிகப் பெரிய வாய்ப்பு. ஏலத்தில் மூன்றாம் ஆளுக்கு வீடு போகாமல் காக்கும் வழி அது. இதைக் கேட்டு வாங்கத் தெரிந்த வழக்காளிகள் குறைவு என்பது வருத்தமான உண்மை.

வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து வீடு கட்டிய குடும்பங்களுக்கு 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு முக்கியமானது. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்த ஆண்டுகளில் மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாங்கிய சொத்துகளைப் பற்றிய வழக்கில், மனைவியின் வீட்டுவேலை கணவரின் சம்பாத்தியத்துக்கு மறைமுகப் பங்களிப்பு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஏற்றுக்கொண்டு, சம பங்குக்கு உரிமை உண்டு என்றார். இது சட்டத் திருத்தம் அல்ல; ஒவ்வொரு வழக்கிலும் தானாகப் பொருந்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனாலும் துபாய்க்கும் குவைத்துக்கும் ஆண்கள் போய், கட்டடவேலையை மேஸ்திரியோடு நின்று பெண்களே முடித்த வீடுகள் நிறைந்த கடற்கரை இது. சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்கியவர், தண்ணீர் ஊற்றித் தளத்தை நனைத்தவர், கொத்தனாருக்கு வாராவாரம் சம்பளம் கொடுத்துக் கணக்கு எழுதியவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். அந்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும்.

கீழக்கரையில் இந்தப் படம் தலைகீழாகிறது. அங்கே மரைக்காயர் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வது பழைய வழக்கம். பிரிவு வந்தால் கணவர்தான் தன் தாய் வீட்டுக்குத் திரும்புகிறார். பெண்ணுக்கு வாசல் பறிபோகாத இந்த ஏற்பாட்டின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. விவாகரத்துப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவும், திருமணத்துக்கு முன்போ அப்போதோ பின்னரோ உறவினரும் கணவரும் அவளுக்குக் கொடுத்த சொத்துகள் அனைத்தும் அவளுக்கே என்கிறது. ஆனால் கீழ்த்தளம் வாப்பா கொடுத்தது, மாடி மாப்பிள்ளை அனுப்பிய பணத்தில் எழுந்தது என்றால், ஜமாஅத்தில் பேச்சு அங்கேதான் முட்டுகிறது. இங்கே கேட்க வேண்டியது முழு வீட்டின் விலை அல்ல. மாடி கட்டப்பட்ட ஆண்டு, அதன் பரப்பு, தேய்மானம் போக இன்றைய கட்டுமான மதிப்பு ஆகியவற்றை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லலாம். நிலம் அவளுடையது, நிலத்தின் விலை ஏறியது மாடிக்கணக்கில் சேராது. இப்படிப் பிரித்து எழுதிய அறிக்கை ஒன்று இருந்தால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

மண் யாருடையது

எண்ணுக்குப் போவதற்கு முன் கால் ஊன்றிய மண்ணைப் பார்க்க வேண்டும். இந்தக் கடலோரத்தில் ‘சொந்த வீடு’ என்று சொல்லப்படுவது பல வகை. கிரயப் பத்திரமும் பட்டாவும் ஒரே பெயரில் பொருந்தி இருப்பது ஒரு வகை, இது சிக்கலற்றது. நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலத்தில், தலைமுறையாகக் குடியிருப்பது இன்னொன்று. அரசு கொடுத்த இலவச மனைப் பட்டா பெரும்பாலும் பெண்கள் பெயரில் வருகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை தரவேண்டும் என்பது அரசின் கொள்கையாக இருந்தது. பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்திலும் இருவர் பெயரில் ஒதுக்குவதே பொது விதி. அப்படியான வீட்டைத் தன் வீடு என்று ஒருவர் மட்டும் பேசினால், ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கோயில், வக்ஃபு இடங்களில் அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்போர் உண்டு. அங்கே மேலே நிற்கும் கட்டடம் மட்டுமே இவர்களுடையது. நிலத்தின் விலையைக் கூட்டிப் பங்கு கேட்பதும் கொடுப்பதும் தவறு. அந்த இடங்களை விற்றுப் பதிய பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை போடுகிறது. கடற்கரைப் புறம்போக்கில் இருக்கும் மீனவர் வீட்டுக்கும் நிலமதிப்பு போட முடியாது. ஆனால் விலை இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று ஆகாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பெயரில் இருந்தாலும் பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. மாமனார், மாமியார் பெயரில் இருக்கும் வீடும் அதில் அடங்கக்கூடும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான சட்டம் இது.

ஆகவே மூலப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி ஆகியவற்றைச் சேர்த்த பிறகே மதிப்பீட்டாளரைத் தேட வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பிரிவுப் பேச்சு தொடங்கியதும் வீட்டை அண்ணன் பெயருக்கு மாற்றிவிடும் பழக்கம் இருப்பதால், அதை ஒருமுறை எடுத்து நிறுத்திவிடாமல் இடையிடையே பார்த்துக்கொள்வது நல்லது.

வழிகாட்டி மதிப்பு என்னும் பொறி

பேச்சுவார்த்தைகளில் மிக எளிதாகக் கிடைக்கும் எண் அரசின் வழிகாட்டி மதிப்பு. சர்வே எண்ணையோ தெருவின் பெயரையோ தட்டினால் வந்துவிடுகிறது. அரசாங்கமே சொல்கிறது என்பதால் மறுக்கவும் தயங்குகிறார்கள். அது முத்திரைத் தீர்வை வசூலிக்க வைக்கப்பட்ட அளவுகோல். 2017 ஜூன் 9 அன்று தமிழ்நாடு முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அன்று காலையில் எந்த ஊரிலும் எந்த வீடும் மூன்றில் ஒரு பங்கு மலிவாகிவிடவில்லை. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு உயர்த்தப்பட்டபோதும் யார் வீடும் ஒரே இரவில் விலை ஏறிவிடவில்லை. அரசாணை ஒன்றால் ஏறி இறங்கும் எண்ணை வைத்து ஒரு பெண்ணின் பங்கைத் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பத்திரத்தில் எழுதிய தொகைக்கும் இதே குறை உண்டு. வழிகாட்டி மதிப்பை ஒட்டியே எழுதும் வழக்கம் ஊரறிந்தது. தரகர் சொல்லும் விலை எதிர்ப்பக்கம் தவறுகிறது. 2025 ஏப்ரலில் பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மாநில நிதிநிலை அறிக்கையில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. அவற்றைச் சொல்லித் தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கேட்கப்படும் விலைகள் கேட்கப்படும் விலைகள்தாம். யாராவது அந்தத் தொகையைக் கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அண்மையில் அதே தெருவில், அதே அளவில் நடந்த விற்பனைகளை எடுத்து, சாலை முகப்பு, அகலம், தண்ணீர், கடலிலிருந்து தூரம் ஆகியவற்றுக்குக் கூட்டிக் குறைத்து வருவதே சந்தை மதிப்பு. தண்ணீரை இங்கே லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும் மனைக்கும், காவிரிக் கூட்டுக் குடிநீரையும் தண்ணீர் லாரியையும் நம்பி இருக்கும் மனைக்கும் ஒரே தெருவிலேயே விலை வேறாகிறது.

உப்புக் காற்றில் நின்ற கட்டடம்

நிலத்தை ஒப்பிட்டு மதிப்பிடலாம். கட்டடத்தை அப்படிச் செய்ய முடியாது. இன்று அதே வீட்டைப் புதிதாகக் கட்டினால் என்ன செலவாகும் என்று கணக்கிட்டு, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பதே நடைமுறை. கான்கிரீட் வீட்டுக்கு 60 ஆண்டு ஆயுள் என்று எடுத்து, கடைசியில் பத்து விழுக்காடு மிச்சமதிப்பு நிற்கும் என்று கொண்டு, ஆண்டுக்குச் சமமாகக் கழிப்பார்கள். மதுரையிலோ திருச்சியிலோ அந்த 60 பெரும்பாலும் செல்லும். ஏர்வாடியிலும் பாம்பனிலும் அந்த எண்ணைக் கேள்வி கேட்காமல் எழுதும் மதிப்பீட்டாளர் வீட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள்.

நல்ல மதிப்பீட்டாளர் வந்தால் என்ன செய்கிறார் என்பதைப் பார்த்தாலே புரியும். நாடாவை விரித்து வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளந்து முடித்ததும் நேராக மாடிப்படிக்கு அடியிலும் குளியலறைக்கு மேலேயும் அண்ணாந்து பார்க்கிறார். சுண்ணாம்புப் பூச்சில் நேர்கோடாக ஓடும் பழுப்புக் கறை, உள்ளே கம்பி போகும் தடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சிறிய சுத்தியலால் தளத்தின் அடிப்பகுதியைத் தட்டிக்கொண்டே போகிறார். கெட்டியான இடத்தில் ‘டங்’ என்ற இறுகிய ஒலி. கடல் பார்த்த அறைக்கு வந்ததும் ஒலி ‘பொத்’ என்று மாறுகிறது. உப்பு உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைக் கீழே தள்ளத் தொடங்கிவிட்டது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குள் வரும் பரப்பைத் தனியாகக் குறித்துக்கொள்கிறார். பழுதுபார்க்கும் செலவாக அது மதிப்பிலிருந்து கழியும்.

இதற்குக் காரணம் கடல் மட்டும் அல்ல. இந்தியத் தரக்குறியீடு 456 (2000) கடலோரச் சூழலைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்கிறது. கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வளைகுடாப் பணம் வரவர அவசரமாக எழுந்த வீடுகளில், உவர்ந்த போர் தண்ணீரில் கலவை போட்டு, கம்பிக்கு மேல் விரற்கடை மூடலோடு தளம் போட்டவை எத்தனையோ. பழைய வீடுகள் வேறு கதை. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்களில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. இனி அந்தக் கல்லால் திரும்பக் கட்ட வழியில்லை. அத்தகைய சுவருக்கு ‘அதேபோலப் புதிதாகக் கட்டும் செலவு’ என்ற கணக்கே பொருந்தாது. இன்றைய செங்கல் சுவரின் செலவை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இதெல்லாம் பணத்தில் எவ்வளவு? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்; எண்கள் கணக்கைக் காட்டுவதற்கு மட்டுமே. ஐந்து சென்ட் மனை, 1,200 சதுர அடி வீடு, வயது 20. புதிதாகக் கட்ட சதுர அடிக்கு ரூ.1,800 என்றால் ரூ.21.6 லட்சம். ஆயுள் 60 என்று எடுத்தால் தேய்மானம் 30 விழுக்காடு, கட்டடம் ரூ.15.12 லட்சம். உப்பின் பாதிப்பைப் பார்த்து ஆயுள் 40 என்று எடுத்தால் தேய்மானம் 45 விழுக்காடு; கட்டடம் ரூ.11.88 லட்சம். ஆயுளை மாற்றியதில் மட்டும் ரூ.3.24 லட்சம் போய்விட்டது. இது வீட்டை வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பவரைக் காக்கும் கணக்கு. இப்போது நிலத்துக்கு வருவோம். சந்தையில் சென்ட் ரூ.2 லட்சம், வழிகாட்டி மதிப்பு ரூ.70,000 என்று வைத்துக்கொண்டால், நிலம் ஒரு கணக்கில் ரூ.10 லட்சம், மறுகணக்கில் ரூ.3.5 லட்சம். வங்கிக் கடன் பாக்கி ரூ.6 லட்சம் என்றால், சந்தைக் கணக்கில் நிகரமதிப்பு ரூ.15.88 லட்சம், அதில் பாதி ரூ.7.94 லட்சம். வழிகாட்டி மதிப்பில் நிகரம் ரூ.9.38 லட்சம், பாதி ரூ.4.69 லட்சம். ஒரே வீடு, ஒரே நாள். வெளியேறுபவர் கையில் ரூ.3.25 லட்சம் குறைகிறது. ஊர்க்கூட்டத்தில் ‘இதில் போய் என்ன பெரிய வித்தியாசம்’ என்று கடந்துபோகும் தொகை, தையல் வேலையோ கருவாட்டு வியாபாரமோ செய்து பிள்ளைகளை வளர்க்கப்போகும் ஒருவருக்குப் பல ஆண்டு வீட்டு வாடகை.

கடலுக்கு மிக அருகில் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு கழிவு உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 1991, 2011, 2019 என மூன்று முறை வந்திருக்கின்றன. ஊரகக் கடற்கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்து) 200 மீட்டர் வரை வளர்ச்சி தடைசெய்யப்பட்ட பகுதி என்று 2011 அறிவிக்கை வகுத்தது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அனுமதியோடு ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், அதே அளவில் திரும்பக் கட்டலாம், பெரிதாக்க முடியாது. அப்படிப்பட்ட மனையை ‘கடல் பார்த்த இடம், விடுதி கட்டலாம்’ என்று சொல்லி விலை ஏற்றுபவரின் பேச்சை அறிக்கையில் ஏற்றக் கூடாது. அனுமதி இல்லாமல் எழுந்த மாடிக்கும் முழு மதிப்பு போடக் கூடாது.

அறிக்கையை யாரிடம் வாங்குவது

செல்வ வரிச் சட்டத்தின் 34-ஏபி பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம், அல்லது வங்கிகளின் பட்டியலில் இருக்கும் பொறியாளரிடம் வாங்குவது நல்லது. செல்வ வரி ஒழிந்துவிட்டாலும் அந்தப் பதிவு தொடர்கிறது. வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கி எடுத்த பழைய அறிக்கையை வைத்தே முடித்துவிடலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்கி அறிக்கையில் சந்தை மதிப்போடு, அவசரமாக விற்றால் கிடைக்கும் மதிப்பு என்ற குறைந்த எண்ணும் இருக்கும். பேச்சுவார்த்தையில் அந்தக் கடைசி எண்ணை மட்டும் அடிக்கோடிட்டு நீட்டும் தந்திரம் நடக்கிறது. கடன் அதிகம் கிடைக்க வேண்டும் என்று உயர்த்தி எழுதப்பட்டதாகவும் அந்த அறிக்கை இருக்கலாம். எந்த நோக்கத்துக்காக, எந்தத் தேதியின் மதிப்பு என்பது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆயுள், தேய்மானம், ஒப்பிட்ட விற்பனைகளின் பத்திர எண்கள், ஒளிப்படங்கள் ஆகியவை இல்லாத ஒற்றைப் பக்கச் சான்றிதழால் பயனில்லை.

இருவரும் சேர்ந்து ஒருவரை அமர்த்தி, இருவர் முன்னிலையிலும் அளக்கச் செய்வதே என் பரிந்துரை. செலவு பாதியாகிறது, சந்தேகமும் குறைகிறது. கணவர் கதவைத் திறக்க மறுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதியில் மனு செய்து, நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நீதிமன்றம் நியமிக்கக் கேட்கலாம். சொத்தின் சந்தை மதிப்பைக் கண்டறிவதும் அந்த விதியில் சொல்லப்பட்டிருக்கும் பணி. தனியாக வாங்கும் அறிக்கை நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால், எழுதியவர் வந்து சாட்சி சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டியிருக்கும். வருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டு அறிக்கை சொல்லாத ஒன்று, அந்த வீட்டுக்குள் போன பணம் யாருடையது என்பது. மனைவியின் நகை அஸ்திவாரமாக மாறிய வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சீதனம் அவளுக்கு மட்டுமே சொந்தம் என்பதை உச்ச நீதிமன்றம் 1985இலேயே அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அடகு ரசீது, நகைக்கடைச் சீட்டு, அதே வாரத்தில் சிமெண்ட் கடைக்குப் போன வங்கிப் பரிமாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், ‘என் நகையை விற்றுத்தான் கட்டினோம்’ என்பது ஆதாரமாகிறது. இவற்றைப் பிரிவுக்குப் பிறகு தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பீரோ இருக்கும் வீட்டை விட்டு வெளியேறியவர் மனைவிதான்.

தொகை முடிவான பிறகு எழுத்தில் வருவதற்குள்ளும் இழப்பு நேர்கிறது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கும், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு, உச்சவரம்பு ரூ.40,000, பதிவுக் கட்டணம் ஒரு விழுக்காடு, உச்சவரம்பு ரூ.10,000. 2023 ஜூலையிலிருந்து இந்த வரம்புகள் நடைமுறையில் உள்ளன. விவாகரத்துத் தீர்ப்பு வந்த மறுநாள் அவர்கள் கணவன் மனைவி அல்ல. அந்தச் சலுகையைக் கோருவது சிக்கலாகிறது. பரஸ்பர சம்மத மனுவில் முதல் விசாரணைக்கும் இரண்டாவது விசாரணைக்கும் இடையே பத்திரத்தை முடிப்பது ஆகவே வசதியானது. ஆனால் தீர்ப்பு வரும் வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பங்கை விட்டுக்கொடுப்பவர் முழுத்தொகையும் வங்கி வரைவோலையாகக் கையில் வராமல் சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போடக் கூடாது. இருவரும் சேர்ந்து கடன் வாங்கியிருந்தால், பத்திரத்தில் பெயர் நீங்குவதால் கடனிலிருந்து பெயர் நீங்காது. தீர்ப்பும் வங்கியைக் கட்டாது. வீட்டை எடுத்துக்கொள்பவர் தன் பெயருக்குக் கடனை மாற்றி, மற்றவரை விடுவித்து வங்கி எழுதிக்கொடுக்கும் கடிதமும் பத்திரம் பதிவாகும் அதே நாளில் கைக்கு வந்தாக வேண்டும்.